முளை ஓரிடம், துளை ஓரிடம்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ஷார்ப்னர் அக்கா.

காரணம் சின்னது. பட்டறைக்கு முதல் தடவை வருகிற யாரும், அவளுடைய ட்ரில் மிஷின் முனையில் மாட்டியிருக்கும் கட்டரைப் பார்த்துவிட்டு, "பென்சில் சீவுற ஷார்ப்னர் மாதிரியே இருக்கே" என்பார்கள். பென்சிலை நாம் திருப்புகிறோம், ஷார்ப்னர் சும்மா இருக்கிறது. இங்கே மரக்கம்பு சும்மா படுத்திருக்கும், கட்டர்தான் சுற்றிக்கொண்டே வந்து அதன் நுனியைச் சீவும். சீவிய நுனி கூராகாது. ஒரே தடிமனில், உருண்டையாக, நீட்டிய கட்டைவிரல் போல நிற்கும். அதற்கு முளை என்று பெயர். முளை இன்னொரு மரத்தின் துளைக்குள் போய் இறுகினால் ஸ்டூல், கட்டில், ஏணி எதுவும் ஆகும். பட்டை உரித்த கம்பு அதன் கணுவும் வளைவுமாக, காட்டில் நின்ற மாதிரியே வீட்டிலும் நிற்கும். ஆணி ஒன்று கூட வேண்டாம்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள். தகரக் கூரை போட்ட பட்டறை, அதன் பின்னால் ஒரே ஒரு அறை, அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டாவது டம்ளர் அலமாரியின் மேல்தட்டில் கவிழ்ந்தபடி இருந்தது. அதை எடுக்க நாற்காலி போட்டு ஏற வேண்டும். ஏற வேண்டிய அவசியம் வரவில்லை.

முளை போடுவது இருவர் வேலை. ஒருவர் ட்ரில்லை இடுப்போடு அணைத்துக்கொண்டு தள்ள வேண்டும். இன்னொருவர் கம்பின் அந்தக் கடைசியில் நின்று, கட்டர் நேராகப் போகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, "மேல, கொஞ்சம் வலது, போதும்" என்று சொல்ல வேண்டும். முளை கோணலாகிவிட்டால் கட்டிலே கோணல். அவளுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. கம்பைச் சங்கிலி போட்டு இறுக்கினாள். எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டினாள். அதில் கட்டரும் தெரியும், கம்பும் தெரியும், தள்ளுகிற அவளும் தெரிவாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் பார்க்கும் ஒரே முகம் அவளுடையதுதான். "கொஞ்சம் வலது" என்று அவளே சொல்லி அவளே கேட்டுக்கொள்வாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ட்ரில்லைத் தள்ளியது அவள் தம்பி, கம்பின் கடைசியில் நின்று பார்த்துச் சொன்னது அவள்.

நர்ஸம்மா வந்தது ஒரு திங்கட்கிழமை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே அறை.

"மேலயும் கீழயுமா ஒரு கட்டில் வேணும்க்கா. ரெண்டையும் தரையில விட்டா ஒருத்திய ஒருத்தி உதைச்சே கொன்னுடுவாளுங்க."

"மேல யாரு?"

"சின்னவ. ஏழு வயசு. சீட்டுக் குலுக்கிப் போட்டு அவளுக்குத்தான் மேல விழுந்துச்சு. பெரியவ ரெண்டு நாளா என்கிட்டயே பேசல." நர்ஸம்மா கட்டர்களை எட்டிப் பார்த்தாள். "இதுல எந்த ஷார்ப்னரை எங்க கட்டிலுக்குப் போடுவீங்க?"

"சட்டத்துக்கு ரெண்டு இன்ச். ஏணிப் படிக்கு ஒன்றரை. சின்னவ உருண்டு விழாம மேல ஒரு தடுப்பு வைக்கணும், அந்தக் குச்சிக்கு ஒரு இன்ச் போதும். கம்பு எவ்வளவு தடியோ அதுல பாதி முளை. அதுக்கு மேல போனா முளையைச் சுத்தித் தோள் மாதிரி நிக்கிற விளிம்பு இருக்காது. தோள் இல்லாட்டி சட்டம் எதுல சாஞ்சு நிக்கும்?"

"குறைஞ்சா?"

"ஒடியும்."

"எனக்கு ஒடியறதெல்லாம் வேணாம்க்கா. அடுத்த மாசத்துலேர்ந்து நைட் டியூட்டி. வீட்டுல இதுங்க ரெண்டுதான் இருக்கும். விழுந்தாலும் கேக்க ஆள் இல்ல." போகிற போக்கில் திரும்பினாள். "இன்னொண்ணு. உங்க ஸ்டூல்ல பார்த்தேன், முளை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் தலையை நீட்டுது. இதுல அப்படி வேணாம். பிள்ளைங்க மண்டையை இடிச்சுக்கும்."

"சரிம்மா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, நர்ஸம்மா தெரு முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். அந்தச் "சரி" அவளால் செய்ய முடியாத வேலை.

ஏன் முடியாது என்று சொல்ல வேண்டுமானால், பாகப்பிரிவினையைச் சொல்ல வேண்டும்.

அக்காவும் தம்பியும் பிரிந்தபோது சாமான்களைப் பங்கு வைக்க வந்தவர் சித்தப்பா. வாழ்நாளில் ஒரு ஸ்க்ரூ கூட முடுக்கியிராத மனிதர். நியாயம் என்றால் அவருக்கு எண்ணிக்கை. பட்டறையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் முளை சீவும் கட்டர்கள் நாலு. இன்னொன்றில் அதே அளவுகளில் துளை போடும் பிட்டுகள் நாலு. சித்தப்பா இரண்டையும் திறந்து பார்த்தார். "இதுல நாலு, அதுல நாலு. இந்தப் பெட்டி உனக்கு, அந்தப் பெட்டி அவனுக்கு. யாருக்கும் குறை இல்ல" என்று கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த மாதிரி. ஒன்றில்லாமல் மற்றொன்று எதற்கும் ஆகாது என்று அங்கே இருவருக்குத்தான் தெரியும். அந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் பேசுவது யார் என்பதுதான் அன்றைய பிரச்சினை, கட்டரும் பிட்டும் அல்ல.

பிறகு அவள் புது பிட்டுகள் வாங்கினாள். எண் அதேதான், ஆனால் வேறு கம்பெனி. துளை ஒரு காகிதக் கனம் பெரிதாக விழுந்தது. கட்டரின் கத்திக்கு அடியில் காகிதம் மடித்து வைத்தால் முளை மெலியும். தடிக்க வைக்க வழியில்லை. ஆகவே அவள் துளையை முழுக்க ஊடுருவப் போட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் முளையின் நுனியைப் பிளந்து, அதில் ஆப்பு அடித்து இறுக்கினாள். ஆறு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஆப்புதான். "அக்காகிட்ட போனா கண்டிப்பா ஆப்புதான்" என்று எதிர்க் கடையில் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

நுனி வெளியே வரக் கூடாதென்றால் துளை பாதியிலேயே நிற்க வேண்டும். பாதித் துளையில் ஆப்பு உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் ஒரு துண்டுக் கம்பில் இரண்டு அங்குல முளை போட்டாள். துண்டுக் கட்டையில் துளை போட்டாள். நல்ல முளை உள்ளே போக மரச்சுத்தியலைக் கேட்க வேண்டும். இது கையாலேயே போயிற்று. கையாலேயே வெளியே வந்தது. பசை போட்டால் இடைவெளி நிரம்பும், பாரம் தாங்காது. கருவிக் கடையில் விசாரித்தாள். கட்டரும் பிட்டும் ஜோடியாக வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

அவளுக்கு ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தது.

பிட் கேட்கப் போவது அவளுக்குப் பெரிய பாரம் இல்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தால் இன்னொன்றைச் சொல்ல வேண்டி வரும். அதுதான் அவள் ஆறு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிவது.

அவளும் தம்பியும் சேர்ந்து செய்த நாற்காலி ஒன்றை ஒரு தபால்காரர் வாங்கிப் போயிருந்தார். ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டாள், வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதற்காக ஆசைப்பட்டு வாங்கினார். மூன்றாவது மாதம் நாற்காலியின் பின்கால் ஒன்று கழன்றது. அவர் பின்பக்கமாக விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உறவுக்காரர்கள் நாலைந்து பேர் உடைந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, "இதை எவன் செஞ்சான்?" என்று நின்றார்கள்.

அக்கா கழன்ற காலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முளை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. காய்ந்த கம்பில் போட்ட முளை அப்படி ஆகாது. பச்சைக் கம்பு உலரும்போதுதான் ஒரு பக்கமாகச் சுருங்கி முட்டையாகும், துளையை விட்டு நழுவும். கம்புகளை உலர்த்துவதும், ஒன்றோடொன்று தட்டி ஓசை பார்த்துக் காய்ந்தது எது என்று பிரிப்பதும் அவள் வேலை. அந்த நாற்காலி செய்த அன்று காய்ந்த கம்புகளில் ஒரு கால் குறைந்தது. அவசரம். பச்சைக் கம்புகளிலிருந்து ஒன்றை உருவி, ஒன்றும் ஆகாது என்று அவள்தான் அதில் சேர்த்துக் கொடுத்தாள்.

வந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். பயம் வந்துவிட்டது.

"முளை போட்டது அவன்" என்றாள்.

பொய் இல்லை. முளை போட்டது அவன்தான். ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லாமல் ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். எல்லோர் முன்னாலும் அக்கா தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாளே என்பதுதான் அவன் கோபம் என்று ஊரெல்லாம் நினைத்தது. அந்த வாரமே பிரிந்து போனான். கழன்ற அந்த நாற்காலிக் காலை அவள் அடுப்பில் வைத்து எரித்தாள். உள்ளே இன்னும் ஈரம் மிச்சம் இருந்தது, கடைசி வரை புகைந்துகொண்டுதான் எரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் பஸ் ஏறினாள். தம்பி வேலை பார்ப்பது வேலிக்கம்பம் செய்கிற இடம். வாசலில் வாட்ச்மேன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"இங்க கம்பத்துல துளை போடுவாரே..."

"நம்ம ஓட்டையா? உள்ளதான் இருக்காரு. நீங்க யாரு?"

"எதுக்கு ஓட்டைன்னு கூப்பிடுறீங்க?"

"காலையில வந்தா ஓட்டை, சாயங்காலம் வரைக்கும் ஓட்டை. வேற என்ன பேரு வைக்கிறது? வாயைத் திறக்காத மனுஷனுக்கு ஓட்டைன்னு பேரு. அதுதான் இங்க எங்களுக்கு காமெடி."

தம்பி நீளமான கொட்டகையின் கடைசியில் இருந்தான். முடி பாதி நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினான். சுற்றுவது நிற்கும்வரை காத்திருந்தான்.

"வாங்க" என்றான்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளை "நீ, வா, போ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். வாடகை கேட்க வருகிறவருக்கும், கம்பெனி மேனேஜருக்கும் சொல்கிற "வாங்க" இது.

"ரெண்டு இன்ச் பிட் வேணும்டா."

"எதுக்கு?"

சொன்னாள். மேல் கட்டில், ஏழு வயது, நைட் டியூட்டி, பாதித் துளை. அவன் அலமாரியைத் திறந்தான். பெட்டி அங்கேதான் இருந்தது. பிட்டை எடுத்து, துணியால் எண்ணெயைத் துடைத்து அவள் கையில் வைத்தான்.

"எடுத்துட்டுப் போங்க. நான் இதை எடுத்து வருஷக்கணக்காச்சு. இங்க எல்லாம் சின்ன ஓட்டைதான்."

"நீ கட்டில், நாற்காலி எதுவும் செய்யறது இல்லையா?"

"ஒருத்தர் உக்காருற பொருள், படுக்குற பொருள் எதையும் தொடறது இல்ல." கம்பத்தின் மேல் இருந்த தூளை ஊதினான். "மாசத்துல முதல் ஞாயிறு அவரு வீட்டுக்குப் போவேன். தபால்காரர் வீட்டுக்கு. தண்ணி எடுத்து வெப்பேன், விறகு பிளந்து போடுவேன். இத்தனை வருஷத்துல அவரு ஒரு வார்த்தை திட்டினது இல்ல. திட்டினா கூட நல்லா இருந்திருக்கும்."

பிட் அவள் உள்ளங்கையில் இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. கால் மணி நேரத்தில் திரும்பிப் போகிற பஸ் இருக்கிறது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினால் கட்டில் நிற்கும், குழந்தை விழாது, யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் வாசல் பக்கம் நடக்கவும் செய்தாள். ஐந்தாறு அடி வைத்திருப்பாள். இத்தனை வருஷம் அவன் கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் கோபத்தில் இல்லை. குற்றவாளியாக இருந்திருக்கிறான். அவளுடைய குற்றத்துக்கு.

திரும்பி வந்தாள்.

"உன் முளை சரியாத்தான் இருந்துச்சுடா. அந்தக் கால் பச்சை. காஞ்ச கம்புங்களோட அதைச் சேர்த்தது நான்."

அவன் மிஷினைப் போட்டான். எதிரே இருந்த கம்பத்தில் ஒரு துளை போட்டான். அது போட வேண்டிய இடம் இல்லை. நிறுத்தினான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே. கையில வாங்கினப்பவே."

"அந்தக் கால் எங்க?"

"எரிச்சுட்டேன்."

அவன் ஒரு கம்பத்தின் மேல் உட்கார்ந்தான். பிறகு பேசியது அவளிடம் பேசியது மாதிரி இல்லை. "கட்டர் சாஞ்சிருக்குமா, ஆழம் பத்தலையா, கத்தி மழுங்கியிருந்துச்சா, பிட் ஆடிடுச்சா... எத்தனை தடவை அந்த முளையை மனசுக்குள்ள திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பேன். ஒரு தடவை காட்டியிருக்கலாம்ல. அதை என் கையில ஒரு தடவை குடுத்திருந்தா நானே பார்த்துச் சொல்லியிருப்பேனே."

அவளால் அழக் கூட முடியவில்லை. அழுதால் அவளை அவன் தேற்ற வேண்டி வரும். அவனுடைய ஆறு வருஷத்தைத் திருடியது போதாதென்று அது இன்னொரு திருட்டு என்று தோன்றியது.

அவன் எழுந்து வந்து அவள் கையிலிருந்த பிட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான். முடிந்தது என்று நினைத்தாள்.

"கட்டிலோட நாலு காலையும் தயார் பண்ணி வைங்க. அடுத்த சனிக்கிழமை பெட்டியோட நானே வர்றேன். துளையை நான் போடுறேன்."

சொன்னபடி வந்தான். கண்ணாடியைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான். அவள் சட்டக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். ஒவ்வொன்றும் கணீரென்றது. அவன் தானும் ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பின் நுனியைக் கையரிவாளால் லேசாகச் சரித்து, கட்டரை வைத்து, மெதுவான வேகத்தில் தள்ளினாள். மூன்றாவது கம்பில் கத்தி ஒரு கணுவைக் கடித்தது. ட்ரில் அவள் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு திரும்பியது.

"விடு, நீ விடு, கையை எடு" என்று பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தான்.

இரண்டு பேரும் ட்ரில்லைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றார்கள். அவள் மணிக்கட்டு சிவந்திருந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"ஓரமா உக்காருங்க. மிச்சத்தை நான் பார்க்குறேன்" என்றான். அந்த ஒற்றை "நீ" வந்த வழியே போய்விட்டது.

முளை துளைக்குள் போக மரச்சுத்தியலைக் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் ஆறு வருஷம் கழித்துக் கேட்டாள்.

மறுநாள், மாதத்தின் முதல் ஞாயிறு. காலையில் நர்ஸம்மா வீட்டில் கட்டிலைப் பொருத்தினார்கள். பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சின்னவள் ஏணியில் கால் வைத்தபோது தம்பி தடுத்தான்.

"இரு பாப்பா. முதல்ல மாமா."

எண்பது கிலோ மனிதன் ஏணியில் ஏறி, மேல் கட்டிலில் மல்லாந்து படுத்தான். புரண்டான். எழுந்து உட்கார்ந்து, தொம்மென்று விழுந்தான். கட்டில் முனகவில்லை. பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அசையவே இல்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"மாமா தூங்கிட்டாரா?" என்று சின்னவள் கேட்டாள்.

"சரி பார்க்குறாரு" என்றாள் அக்கா.

"அவரே படுத்துக்கிட்டா நான் எங்க படுக்கிறது?"

நர்ஸம்மா தேநீர் போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேலிருந்த முதுகு குலுங்குவதை அக்கா பார்த்தாள். எட்டித் தொட்டுவிடலாம். தொடவில்லை.

இறங்கியபோது அவன் கண் சிவந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

"இன்னைக்கு நான் அவரு வீட்டுக்குப் போற நாள்" என்றான் நிற்காமல். "நான் போகல. நீங்க போங்க. போய் அவர்கிட்டயும் சொல்லுங்க."

"நீயும் வாயேன்டா."

"இல்ல. உங்களை மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல. அது வரைக்கும் என்னை எதுவும் கேக்காதீங்க."

பஸ் வந்தது. ஏறினான். அவள் நின்ற பக்கத்து ஜன்னலில் இடம் இருந்தும் எதிர்ப் பக்கமாகப் போய் உட்கார்ந்தான்.

தபால்காரரின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. கைத்தடியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது. அவளைப் பார்த்ததும் கொஞ்சம் குழம்பியது.

"தம்பி வரலையா?"

"நான் அவனோட அக்கா."

"தெரியுதே. ஷார்ப்னர். வாம்மா, உக்காரு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பச்சைக் கம்பு, காய்ந்த கம்பு, குறைந்த ஒரு கால், அடுப்பில் போட்டது, எல்லாவற்றையும். எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவர் கத்துவார், கைத்தடியை எடுப்பார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தாள்.

பெரியவர் மறுபடியும் வாசலைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவளுடைய அறையில் அதுதான் குடியிருந்தது.

"அப்போ அவன் மேல தப்பே இல்லையா?"

"இல்லைங்க."

"அப்போ இனிமே அந்தப் பையன் என்னைப் பார்க்க வரமாட்டானாம்மா?"

பின்கட்டில் பிளக்காத விறகு குவிந்து கிடந்தது. கோடரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.